காம்ஸ் கடல் விமானங்களின் எண்களைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்துப் பிரெஞ்சுக் கடல் விமானங்களைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால், விமானத்துக்கு முன்பே அதன் பெயர் நம்மை மடக்கிவிடும். 37/2, 37ஏ, 37ஜிஆர், 55எச், 55/10, 36பிஸ், 55.001 என்று ஒரே நிறுவனத்தின் விமானங்களுக்கே இத்தனை கோலத்தில் பெயர்கள். இவற்றைக் குறித்துத் திரும்பத் திரும்ப வரும் ஐயங்களுக்கு இங்கே விடை சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சுப் பெயர்களில் வரும் எழுத்துகளை நாம் வழக்கமாக உச்சரிக்கும் முறையிலேயே எழுதியிருக்கிறேன்.

காம்ஸ் என்பது எந்த நிறுவனம்?

‘ஷாந்தியே ஏரோ-மாரித்தீம் த லா சேன்’ என்ற நீண்ட பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் காம்ஸ். சேன் ஆற்றங்கரைக் கடல் விமானப் பட்டறைகள் என்று பொருள். பாரிஸை ஒட்டிய சென்-தெனியில் 1920 நவம்பரில் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் லாரன்ஸ் சாந்தோனி. இத்தாலியின் சாவோயா விமான நிறுவனத்தை நிறுவியவரும் இவரே. அதனால் காம்ஸின் முதல் வேலையே இத்தாலிய வடிவமைப்புகளை உரிமம் பெற்றுக் கட்டுவதாக இருந்தது. பிறகு இத்தாலியிலிருந்தே ரஃபாயேலே கொன்ஃப்ளென்தியைத் தலைமை வடிவமைப்பாளராக அழைத்துவந்தார்கள். அவர் இத்தாலிக்குத் திரும்பிய பின் அந்த இடத்துக்கு வந்தவர் மொரீஸ் யுரேல். காம்ஸுக்குப் பெயரும் பணமும் வாங்கித் தந்த 37, 55 ஆகிய இரண்டும் யுரேல் காலத்தவை.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. உடற்பகுதியே படகுபோல் நீரில் அமர்ந்தால் அது பறக்கும் படகு. சாதாரண விமான உடலுக்குக் கீழே மிதவைகளைப் பொருத்தினால் அது மிதவை விமானம். சக்கரமும் சேர்ந்து, நீரிலும் நிலத்திலும் இறங்கினால் அது ஈரூடக விமானம். மூன்றுக்கும் பொதுப்பெயர் கடல் விமானம். காம்ஸ் கட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை பறக்கும் படகுகள்.

முதல் விமானத்துக்கே 30 என்று எண் இருக்கிறதே, 1 முதல் 29 வரை எங்கே?

காம்ஸ் தானாக வடிவமைத்த விமானங்கள் 1922-இல் 30 என்ற எண்ணுடன்தான் வெளியே வருகின்றன. அதற்கு முன் உரிமம் பெற்றுக் கட்டியவை இத்தாலியப் பெயர்களிலேயே வழங்கின. எனவே, ‘காணாமல் போன இருபத்தொன்பது காம்ஸ் விமானங்கள்’ என்று ஒரு பட்டியலைத் தேடி அலைய வேண்டாம்.

30-க்குப் பிறகும் வரிசை சீராக ஓடவில்லை. 30, 31, 33, 36, 37, 38 என்று நகர்ந்து 46-க்குத் தாவி, 51-இல் தொடங்கும் கூட்டத்துக்குப் போய்விடுகிறது. இதில் விந்தை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் எந்த நிறுவனத்திலும் எண் விழுவது வரைபட மேசையில்தான். காகிதத்தோடு நின்றுபோன திட்டங்களும் எண்ணை விழுங்கியிருக்கும்.

எண் பெரிதானால் விமானம் புதியது என்று கொள்ளலாமா?

கூடாது. காம்ஸ் 38 ஒரு பந்தய விமானம். 1923 செப்டம்பரில் இங்கிலாந்தின் கௌஸ் நகரில் நடந்த ஷ்னைடர் கோப்பைப் போட்டியில், அதாவது கடல் விமானங்களுக்கான வேகப் பந்தயத்தில் பறந்தது. ஓட்டியவர் யுரேல், இரண்டாவது சுற்றிலேயே விலக வேண்டியதாயிற்று. அமெரிக்கக் கடற்படையின் ரிட்டன்ஹவுஸ் கர்டிஸ் விமானத்தில் கோப்பையைத் தட்டிச் சென்றார். இப்போது 37-ஐப் பாருங்கள். அது முதன்முதலில் பறந்தது 1926-இல். அதாவது ‘அண்ணன்’ எண் தாங்கியது மூன்று ஆண்டு பிந்திப் பிறந்திருக்கிறது. அதேபோல 36 வெளிவந்தது 1922. 33 வந்தது 1923.

எண்ணை வைத்து ஆண்டைக் கணிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது தனிக் குடும்பம், வேறொன்றின் மாற்றுவடிவம் அல்ல. அதையும்கூட சற்றுத் தளர்வாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 51, 53, 54, 55 நான்குக்கும் எண்கள் வேறு. ஆனால் இறக்கைகளுக்கு இடையே இரண்டு எஞ்சின்களை முன்னும் பின்னுமாக முதுகோடு முதுகு ஒட்டிவைத்த அதே அமைப்புதான் எல்லாவற்றிலும்.

எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்துகள் எதைக் குறிக்கின்றன?

தொல்லை தொடங்கும் இடம் இதுதான். காரணம், அந்த எழுத்துகள் எல்லாம் ஒரே வகைச் செய்தியைச் சொல்வதில்லை.

முதல் வகை, வேலையைச் சொல்வது. 30இ என்பதில் உள்ள இ, எக்கோல் என்பதன் முதலெழுத்து: பள்ளி, அதாவது பயிற்சி விமானம். இருவர் அமரும் இருதட்டு இறக்கைப் படகு அது. 1922 பாரிஸ் விமானக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 33பி-யில் உள்ள பி குண்டுவீச்சையும், 33சி-யில் உள்ள சி வணிகப் போக்குவரத்தையும் குறிக்கும். இரண்டும் ஒரே படகுதான். ஒன்றில் கடற்படை வீரர்களும் மற்றொன்றில் பயணிகளும் ஏறினார்கள். 46இ மறுபடியும் பயிற்சி விமானம். இதுவரை சிக்கல் இல்லை.

இரண்டாம் வகை, இறங்கும் முறையைச் சொல்வது. 37ஏ என்பதில் உள்ள ஏ, அந்த விமானம் ஈரூடக வகை என்பதைக் காட்டுகிறது. 37-இன் படகுக்கு மடக்கக்கூடிய சக்கரங்களைச் சேர்த்தார்கள். எழுத்து ஒன்று கூடிவிட்டது. இதைப் பார்த்துவிட்டு 33பி-க்கு முந்தைய ‘33ஏ’ எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஏ, பி, சி என்பவை இங்கே அகர வரிசை அல்ல.

மூன்றாம் வகை, எஞ்சினைச் சொல்வது. 55எச், 55ஜே இரண்டும் 1928-இல் வந்த முன்மாதிரிகள். எச் என்றால் ஹிஸ்பானோ-சுய்சா எஞ்சின், ஜே என்றால் நோம்-ரோன் நிறுவனத்தின் ஜூபிடர். இதிலே ஒரு குழி இருக்கிறது. பிரெஞ்சு விமானப் பெயர்களில் எச் என்ற எழுத்து வந்தாலே ‘ஹிதிராவியோன்’, அதாவது கடல் விமானம் என்று வாசித்துப் பழகியவர்கள், 55எச்-ஐயும் அப்படியே வாசித்துவிடுகிறார்கள். காம்ஸ் கட்டுவதே கடல் விமானம். அதற்குத் தனியாக ஓர் எழுத்து எதற்கு?

நான்காம் வகை, ஒரே ஒரு பயணத்துக்காகச் செய்தவை. ஜிஆர் என்பது ‘கிரான் ரெய்து’, நெடும்பயணம். 37ஜிஆர் அப்படிப் பிறந்ததுதான். கடற்படை அதிகாரி கில்போ 1926 அக்டோபரில் அதில் கிளம்பி, ஆப்பிரிக்காவை வளைத்து மடகாஸ்கர் வரை போய், 1927 மார்ச்சில் திரும்பினார். ஏறத்தாழ 22,600 கிலோமீட்டர். அதுவும் விமான நிலையங்கள் இல்லாத ஆறுகளிலும் ஏரிகளிலும் இறங்கி இறங்கி. 54ஜிஆர் அட்லாண்டிக்கைத் தாண்டுவதற்காகக் கட்டப்பட்டது.

நான்கு வகைச் செய்திகளையும் ஒரே இடத்தில், எந்த அடையாளமும் இல்லாமல் ஒட்டியது நல்ல முறை என்று நான் சொல்ல மாட்டேன். பட்டறையில் இருந்தவர்களுக்கு விமானம் கண்ணெதிரே நின்றது. குழப்பம் வர வழியில்லை. குழப்பம் முழுவதும் நமக்குத்தான்.

36பிஸ் என்பதில் உள்ள ‘பிஸ்’?

‘இரண்டாவது’, ‘திருத்திய வடிவம்’ என்று கொள்ளுங்கள். பிரான்சில் தெருக் கதவு எண்களுக்கும் இதே வழக்கம் உண்டு. 36 என்ற வேக விமானத்தைத் திருத்தி 1923 ஷ்னைடர் போட்டிக்கு அனுப்பியதுதான் 36பிஸ். அதுவும் போட்டியை முடிக்கவில்லை. பிஸ் காம்ஸுக்கு மட்டும் உரியதல்ல. லியோரே எ ஒலிவியே நிறுவனத்தின் எச்-257பிஸ் இன்னும் பெயர் பெற்றது.

37/2, 37/11 என்று சாய்கோடு போடுவது ஏன்? சில இடங்களில் 37.2, 37.11 என்று இருக்கிறதே?

சாய்கோட்டுக்குப் பின் வருவது குடும்பத்துக்குள் உட்பிரிவின் எண். 37/2 கடற்படைக்கான முதல் பெருந்தொகை உற்பத்தி. 37/11 பின்னாளில் வந்த பயிற்சி வடிவம். இரண்டுக்கும் நடுவே பல மாற்றங்கள். 37 குடும்பம் மொத்தத்தில் 300-க்கும் மேல் கட்டப்பட்டது. போருக்கு இடைப்பட்ட காலத்துப் பறக்கும் படகுக்கு இது மலைக்க வைக்கும் எண்ணிக்கை. அத்தனையையும் எழுத்துகளால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. எனவேதான் எண்.

சாய்கோடும் புள்ளியும் அச்சடித்தவர்களின் வசதி, பொருள் ஒன்றே. ஆனால் புள்ளி போட்டால் ஓர் ஆபத்து உண்டு. 37.11-ஐ ஒரு தசம எண்ணாகக் கருதி, 37.2-க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். கணினிப் பட்டியல்கள் பலவற்றில் இந்தக் கூத்தைக் காணலாம்: 55.1, 55.10, 55.11, 55.14, 55.2 என்று வரிசை போகும். 55.10 என்பது ‘ஐம்பத்தைந்து, பத்து’. 55.2-க்குப் பல படிகள் பிந்தியது. இந்தக் காரணத்துக்காகவே நான் சாய்கோட்டை விரும்புகிறேன்.

55.001 என்பதும் உட்பிரிவு எண்தானா?

இல்லை. பூச்சியத்தில் தொடங்கினால் அது பெரும்பாலும் தனி ஒரு விமானத்தின் எண். 55.001 என்றால் 55 வகையின் முதல் முன்மாதிரி.

இந்த வழக்கத்துக்கு மிகவும் அறியப்பட்ட சான்று வேறொரு நிறுவனத்தில் இருக்கிறது. லத்தாம் 47.02. லத்தாம் 47 என்ற வகையின் இரண்டாவது விமானம் அது. 1928-இல் இத்தாலியத் தளபதி நோபிலேயின் ‘இத்தாலியா’ வான்கப்பல் வடதுருவப் பனிப்பரப்பில் விழுந்தபோது, அவரைத் தேடுவதற்காக நார்வேயின் துருவப் பயணி ரோல்ட் அமுன்சென் ஏறிச் சென்றது அதில்தான். ஜூன் 18 அன்று நார்வேயின் த்ரோம்ஸோவிலிருந்து கிளம்பிய விமானம் திரும்பவே இல்லை. விமானத்தை ஓட்டிச் சென்றவர், மேலே 37ஜிஆர் பயணத்தில் சொன்ன அதே கில்போ.

55 குடும்பத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

காம்ஸ் முறை முழுவதும் இந்த ஒரு குடும்பத்தில் அடங்கியிருப்பதால், இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது.

இருதட்டு இறக்கை, நீண்ட படகுடல், நடுவே முன்னும் பின்னுமாக இரண்டு எஞ்சின்கள். முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். கடற்படைக்கான நெடுந்தூர உளவு விமானம். ஐந்து பேர் செல்வார்கள். முன்மாதிரிகளில் ஹிஸ்பானோ ஒன்று, ஜூபிடர் ஒன்று என்று பார்த்தோம். உற்பத்திக்கு வந்தபோது கடற்படை இரண்டையும் வாங்கியது. அப்போது எழுத்துகள் உதிர்ந்து எண்கள் வந்தன. ஹிஸ்பானோ 12எல்பிஆர் எஞ்சின் பொருத்தியது 55/1. ஜூபிடர் பொருத்தியது 55/2. ஆக, 55/2 என்பது 55/1-ஐச் சீர்திருத்தியதல்ல, இரண்டும் உடன்பிறப்புகள். ‘பின்னது மேலானது’ என்ற எண்ணம் இங்கேயும் காலை வாரிவிடும்.

55/6 உலோகப் படகுடல் கொண்ட சோதனை வடிவம். மற்றவை பெரும்பாலும் மரத்தால் ஆனவை. 55/10 உண்மையான அடுத்த தலைமுறை: வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம் உள்ள நோம்-ரோன் 9கேபிஆர் எஞ்சின்கள். இதிலேயே வெப்ப நாடுகளில் இருந்த காலனிகளுக்காகச் சில கட்டப்பட்டன. அவற்றுக்கு ‘கொலோனியால்’ என்பதன் சுருக்கம் பின்னால் சேர்ந்தது. இப்போது ஒரே பெயரில் குடும்ப எண், உட்பிரிவு எண், வேலையைச் சொல்லும் சுருக்கம் மூன்றும் வந்துவிட்டன. 55/14-இல் மறுபடி உலோகப் படகுடல்.

1939-இல் போர் மூண்டபோதும் இந்தப் பழைய இருதட்டு விமானங்கள் கடலோரக் காவலில் இருந்தன. தஹித்தியில் இருந்த 20எஸ் படைப்பிரிவில் 1941 தொடக்கம் வரை பறந்தன. ‘காலாவதியானது’ என்று நூல்கள் ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நீர்மூழ்கியைத் தேடிக் கடலை மணிக்கணக்கில் மெதுவாக அலசும் வேலைக்கு வேகம் அவ்வளவு முக்கியமில்லை.

படத்தை மட்டும் பார்த்து 55/1, 55/2 எது என்று சொல்ல முடியுமா?

முடியும். எஞ்சினின் முகத்தைப் பாருங்கள். 55/1-இல் இருப்பது நீரால் குளிரூட்டப்படும் வி-வடிவப் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். ரேடியேட்டர் இருப்பதால் முன்பகுதி தட்டையாக, பெட்டிபோல் தெரியும். 55/2-இல் இருப்பது காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சின். ஒன்பது சிலிண்டர்கள் புரொப்பெல்லருக்குப் பின்னால் நட்சத்திரம்போல் விரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 55/2-ஐ 55/10-இலிருந்து பிரிப்பது கடினம்; இரண்டிலும் நட்சத்திர எஞ்சின்தான். அங்கே படக்குறிப்பையும் ஆண்டையும் நம்ப வேண்டியிருக்கும்.

12எல்பிஆர் போன்ற எஞ்சின் பெயர்களுக்கு விளக்கம் உண்டா?

உண்டு, விமானப் பெயர்களைவிட ஒழுங்கானது. 12 என்பது சிலிண்டர்களின் எண்ணிக்கை. எல் என்பது வடிவமைப்பின் வரிசை எழுத்து. பி அதன் உட்பிரிவு. ஆர் என்றால் புரொப்பெல்லரின் சுழற்சியைக் குறைக்கும் பற்சக்கரம் உண்டு என்று பொருள். 12எல்பிஆர் ஏறத்தாழ 600 குதிரைத்திறன் தந்தது. 9-இல் தொடங்கும் நோம்-ரோன் பெயர்களிலும் முதல் எண் சிலிண்டர் கணக்குதான்.

‘சி1’, ‘ஏ2’, ‘பிஎன்3’ என்று சில பெயர்களின் கடைசியில் வருகிறதே, அதை வைத்தது காம்ஸா?

இல்லை, அரசு. பிரெஞ்சு இராணுவ விமானத் துறை தனக்கு என்ன வேலைக்கு, எத்தனை பேர் அமரும் விமானம் வேண்டும் என்பதை ஓர் எழுத்தாலும் ஓர் எண்ணாலும் குறித்தது. சி1: ஒருவர் அமரும் போர் விமானம். ஏ2: தரைப்படைக்கு உதவும் இருவர் உளவு விமானம், போதேஸ் 25 ஏ2 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிஎன்3: மூவர் செல்லும் இரவுக் குண்டுவீச்சு விமானம். இந்தக் குறியீடு நிறுவனத்தின் எண்ணுக்குப் பின்னால் வந்து ஒட்டும்.

கடல் விமானங்களில் இதைத் தெளிவாகக் காட்டுவது எஃப்பிஏ நிறுவனம்தான். அர்ஜாந்தேயில் லூயி ஷ்ரெக் நடத்திய பட்டறை. எஃப்பிஏ 17எச்இ2 என்ற பெயரைப் பிரித்தால்: 17 வடிவமைப்பு எண், எச் கடல் விமானம், இ பயிற்சி, 2 இருவர். ஒரே பெயரில் முழு விவரமும் வந்துவிட்டது. காம்ஸின் 30இ அதே வேலைக்கான விமானம்தான். ஆனால் எச்-உம் இல்லை, 2-உம் இல்லை.

எஃப்பிஏ பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. முதல் உலகப் போரில் அவர்கள் விமானங்களுக்கு ஏ, பி, சி, எச் என்று எழுத்துகளே பெயர். எண்கள் போருக்குப் பின் வந்தவை. அந்த ‘எச்’ வகையை இத்தாலியில் உரிமம் பெற்று நூற்றுக்கணக்கில் கட்டியவர்கள், சாந்தோனி அங்கே தொடங்கிய நிறுவனத்தார். கடல் விமான உலகம் அவ்வளவு சிறியது.

மற்ற பிரெஞ்சு நிறுவனங்களும் இதே முறையைத்தான் பின்பற்றினவா?

ஆளுக்கொரு முறை. அமெரிக்கக் கடற்படை, எந்த நிறுவனம் கட்டினாலும் பெயரைத் தானே வைத்தது. பிபிஒய் என்றால் ரோந்து, குண்டுவீச்சு, கட்டியது கன்சாலிடேட்டட் என்று எழுத்திலேயே புரிந்துவிடும். பிரான்சில் அப்படி மையமான முறை கிடையாது.

லியோரே எ ஒலிவியே நிறுவனம் தரை விமானங்களையும் கட்டியதால் கடல் விமானங்களுக்கு முன்னால் எச் போட்டது: எச்-13, எச்-190, எச்-242. அவர்களிடம் மூன்றாவது இலக்கம்தான் உட்பிரிவு. எச்-190 குடும்பத்தில் 192, 193, 194 என்று எஞ்சினும் வேலையும் மாற மாற இலக்கம் மாறும். கில்போ மடகாஸ்கருக்குக் கிளம்பியபோது உடன் கிளம்பிய பெர்னார் என்ற அதிகாரி ஓட்டியது எச்-194. ‘இல் த பிரான்ஸ்’ பயணக் கப்பலிலிருந்து 1928 ஆகஸ்டில் உந்துகருவியால் ஏவப்பட்டு, தபால் பைகளோடு பறந்தது எச்-198. சாய்கோடு இல்லாத சுத்தமான முறை. ஆனால் ஒன்பதுக்கு மேல் உட்பிரிவு வந்தால் இடமில்லை. குடும்ப உறவையும் சில வேளை வெறும் பெயரளவில்தான் காக்கிறது: எச்-242-இல் நான்கு எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே இரண்டிரண்டாக முன்பின் நிற்கும், எச்-246-இல் நான்கும் இறக்கையின் முன்விளிம்பில் வரிசையாக இருக்கும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவினர்கள் என்று சொல்லவே தோன்றாது.

லதேகோயேர் இரண்டு முறைகளையும் கலந்தது. விமானி மெர்மோஸ் 1930 மே மாதம் செனகலின் சென்-லூயியிலிருந்து பிரேசிலின் நாத்தாலுக்குத் தென் அட்லாண்டிக்கைக் கடந்த மிதவை விமானம் 28-3: வகை 28, உட்பிரிவு 3. பின்னால் வந்தவற்றில் சிறுகோடு மறைந்து 300, 301, 302 என்றும் 521, 522, 523 என்றும் ஆனது. பியேர் லவாசர் தன் பெயரின் முதலெழுத்துகளான பிஎல்-ஐ முன்னால் போட்டுக்கொண்டார். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

521 என்று இரண்டு விமானங்கள் இருக்கின்றனவே, எது சரி?

இரண்டும் சரி. பிரெகே 521 மூன்று எஞ்சின் கொண்ட இருதட்டு இறக்கைப் படகு, ‘பிசேர்த்’ என்று பெயர், பிரிட்டனின் ஷார்ட் கல்கத்தா விமானத்தின் வழிவந்தது, 1933-இல் பறந்தது. லதேகோயேர் 521 ஆறு எஞ்சின் கொண்ட பேருருவம். 1935 ஜனவரியில் பறந்தது. நிறுவனங்கள் தனித்தனியே எண் போட்டதன் விளைவு இது. அதனால் வெறும் எண்ணை மட்டும் எழுதக் கூடாது. நிறுவனத்தின் பெயரும் சேர்ந்ததுதான் விமானத்தின் பெயர்.

படகுடலில் பெரிதாக ‘3எஸ்1’ போல எழுதியிருப்பது விமானத்தின் வகையா?

அது கடற்படைப் பிரிவின் அடையாளம். முதல் எண் கடற்படை மண்டலம்: 1 ஷெர்பூர் பக்கம், 2 ப்ரெஸ்ட், 3 தூலோன், 4 வட ஆப்பிரிக்கா. நடு எழுத்து வேலை: எஸ் கண்காணிப்பு, சி போர் விமானம், பி குண்டுவீச்சு. கடைசி எண் பிரிவின் வரிசை. விமானத்தின் வகைக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே பிரிவில் காலப்போக்கில் பல வகை விமானங்கள் வந்துபோகும்.

பயணிகள் விமானமாக இருந்தால் எஃப் என்று தொடங்கும் பதிவெழுத்துகள் இருக்கும். எஃப் பிரான்ஸைக் குறிக்கும். மற்ற எழுத்துகளில் பொருள் தேட வேண்டியதில்லை. லதேகோயேர் 521-க்கு மட்டும் ‘எஃப்-நோர்’ என்று வடக்கைக் குறிக்கும் சொல்லையே பதிவாக வாங்கிக்கொண்டார்கள். வட அட்லாண்டிக் பாதைக்கான விமானம் அல்லவா!

எண் போக, விமானங்களுக்குப் பெயரும் உண்டா?

தனித்தனி விமானங்களுக்குக் கப்பல்போலப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. காம்ஸ் 54ஜிஆர்-இன் பெயர் ‘லா ஃப்ரெகாத்’. கடற்படை லெப்டினன்ட் போலன் பாரி 1928 ஜூலையில் அதை ப்ரெஸ்டிலிருந்து அசோர்ஸ் தீவுகள் வரை கொண்டுபோனார். அதற்கு மேல் அமெரிக்காவை எட்ட முடியவில்லை. அவர் 1934-இல் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு வந்த லதேகோயேர் 521-க்கு ‘லெப்டினன்ட் த வேசோ பாரி’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். தலைநகரின் பெயர் என்று நினைத்து ‘பாரிஸ்’ என்று எழுதுகிறவர்கள் கவனிக்க.

1933-க்குப் பிறகு ‘போதேஸ்-காம்ஸ்’ என்று ஏன் வருகிறது?

அந்த ஆண்டு ஆன்ரி போதேஸ் காம்ஸை வாங்கிவிட்டார். காம்ஸ் தனிப் பிரிவாகத் தொடர்ந்தது. எண் வரிசையும் காம்ஸுடையதாகவே போயிற்று: 110, 141, 160, 161. இவற்றைப் போதேஸின் சொந்த எண்களோடு கலக்கக் கூடாது. போதேஸ் 452 ஒரு பறக்கும் படகுதான். கப்பல்களில் வைத்திருந்த சிறு உளவு விமானம். ஆனால் அது போதேஸ் வரிசையின் எண்.

141 நான்கு எஞ்சின் கொண்ட ஒற்றைத்தட்டு இறக்கைப் படகு. ‘அந்தாரேஸ்’ என்று விண்மீன் பெயர். 1938 ஜனவரியில் பறந்தது. ஒன்றே ஒன்றுதான் கட்டப்பட்டது. 160-ஐயும் 161-ஐயும் பார்த்தால், 161 அடுத்த உட்பிரிவு என்றே தோன்றும். உண்மையில் 161 ஆறு எஞ்சின் கொண்ட அட்லாண்டிக் பயணிகள் படகு. 160 அதைப் பறக்கவிட்டுச் சோதிப்பதற்காக முன்கூட்டியே செய்த சிறிய அளவு மாதிரி. அதிலும் ஆறு எஞ்சின்கள்! 160 பறந்தது 1938-இல். அசல் 161 பறந்தது ஜெர்மானியர் ஆட்சியின்கீழ், 1942-இல். இதற்கிடையே அரசுடைமையாக்கத்தில் காம்ஸின் சார்த்ரூவில் தொழிற்சாலை எஸ்என்சிஏஎன் என்ற அரசு நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டிருந்தது. அதன் பெயரில் 161 குறிப்பிடப்படுவதைப் பார்த்தால் வேறு விமானம் என்று எண்ண வேண்டாம்.

நான் ஒரு படத்தொகுப்பையோ பட்டியலையோ உருவாக்குகிறேன். எப்படி எழுதினால் நல்லது?

நிறுவனம், குடும்ப எண், சாய்கோடு, உட்பிரிவு, எழுத்து என்ற வரிசையில் எழுதுங்கள்: காம்ஸ் 55/10, காம்ஸ் 37ஏ, காம்ஸ் 37/11. கணினியில் வரிசைப்படுத்துவதாக இருந்தால் உட்பிரிவுக்குத் தனிப் பத்தி (நெடுவரிசை) வையுங்கள். இல்லாவிட்டால் 55/10 போய் 55/2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். 001, 02 போன்ற தனி விமான எண்ணை வகைப் பெயரோடு சேர்க்காமல் வேறு பத்தியில் போடுங்கள். எஞ்சினுக்குக் கட்டாயம் ஒரு பத்தி வேண்டும். முதலில் பறந்த ஆண்டுக்கும் ஒன்று. எண்ணைப் பார்த்து அந்தப் பத்தியை நிரப்பாதீர்கள். 1933-க்கு முந்தையவற்றுக்குக் ‘காம்ஸ்’ என்றும் பிந்தையவற்றுக்குப் ‘போதேஸ்-காம்ஸ்’ என்றும் எழுதினால் போதும். முன்னே வடிவமைக்கப்பட்டு 1933-க்குப் பிறகும் பறந்துகொண்டிருந்த 37-களையும் 55-களையும் பெயர் மாற்ற வேண்டியதில்லை.